சுவரில் முடியும் தெருக்கள்

ஒடுகத்தூர் பெரிய ஊர் அல்ல. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், உத்திர காவேரி ஆற்றங்கரையில் இருக்கும் பேரூராட்சி. வெளியூர்க்காரர்களுக்கு அதன் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை தெரியும். மேலே பீஞ்சமந்தைப் பக்கம் இருக்கும் மலைவாழ் மக்களுக்கு அதுதான் டவுன். ஒரு பக்கம் அணைக்கட்டு வழியாக வேலூர், இன்னொரு பக்கம் பள்ளிகொண்டா. மாதனூருக்குப் போய் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஆம்பூர். தோல் தொழில் இந்த வட்டாரத்துக்குக் கொடுத்த சம்பளமும், ராணுவ வேலையும் வெளிநாட்டு வேலையும் கொண்டுவந்த பணமும் கடைசியில் வந்து இறங்கும் இடம் ஒன்றுதான்: வீட்டு மனை.

அது எப்படி உருவாகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த காட்சி. ஊரை விட்டு வெளியே வரும் சாலையின் ஓரத்தில் நேற்று வரை வேர்க்கடலையோ நெல்லோ விளைந்த நிலத்தில் ஜேசிபி இறங்கும். செம்மண் தெரு போடுவார்கள், மஞ்சள் கல் நடுவார்கள், வண்ணக் கொடி கட்டுவார்கள். முகப்பில் ஒரு வளைவு, அதில் ஏதோ ஒரு 'நகர்'. பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் தெரிந்தவையே. அப்ரூவ்டு மனையா, தண்ணீர் எத்தனை அடியில், பேங்க் லோன் கிடைக்குமா, கிழக்குப் பார்த்த மனை மிச்சம் இருக்கிறதா.

யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. இந்தத் தெரு எங்கே போய் முடிகிறது?

பெரும்பாலும் சுவரில் முடிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு மனைப்பிரிவு, அங்கும் ஒரு தெரு இதே சுவரில் வந்து முட்டி நிற்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. நகர வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் இன்று உலகம் முழுக்க அளந்துகொண்டிருப்பது இதைத்தான். தெருக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு சேர்ந்திருக்கின்றன, ஊர் பரவப் பரவ அந்தச் சேர்க்கை கூடுகிறதா குறைகிறதா என்பதே அவர்கள் கேள்வி. கேட்கச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் ஒரு ஊரில் எத்தனை பேர் நடப்பார்கள், பஸ் எது வரை வரும், மழைத் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதையெல்லாம் இது தீர்மானிக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காகிதத்தில் வரைந்துகொண்டால் இன்னும் எளிது.

பிரதான சாலையிலிருந்து உள்ளே ஒரு தெரு போகிறது. அதன் குறுக்கே 40 மீட்டருக்கு ஒன்றாக மூன்று குறுக்குத் தெருக்கள். ஒவ்வொரு குறுக்குத் தெருவும் இடப்பக்கம் 60 மீட்டர், வலப்பக்கம் 60 மீட்டர் போய் எல்லைச் சுவரில் நிற்கிறது. இதுதான் நம் ஊர்களில் வழக்கமான மனைப்பிரிவு. இதற்குப் பக்கத்திலேயே அச்சு அசலாக இன்னொன்று. முதல் மனைப்பிரிவின் மூன்றாம் குறுக்குத் தெருவில் வலக்கோடியில் ஒரு வீடு. அடுத்த மனைப்பிரிவின் மூன்றாம் குறுக்குத் தெருவில் இடக்கோடியில் ஒரு வீடு. நடுவில் ஒரு சுவர்தான். இந்த வீட்டில் கறி தாளிக்கும் வாசனை அந்த வீட்டுக்குப் போகும். ஆனால் ஆள் போக வேண்டுமென்றால் 60 மீட்டர் பின்னால் வந்து, 120 மீட்டர் கீழே இறங்கி, லாரி ஓடும் பிரதான சாலையில் 120 மீட்டர் நடந்து, மறுபடி 120 மீட்டர் மேலே ஏறி, 60 மீட்டர் உள்ளே போக வேண்டும். மொத்தம் 480 மீட்டர். வயதானவர் போக மாட்டார். குழந்தையை அனுப்ப மாட்டோம். மற்றவர்கள் வண்டியை எடுப்பார்கள்.

இதை எண்ணாக்க நகரமைப்பு நிபுணர்கள் ஓர் எளிய முறை வைத்திருக்கிறார்கள். தெருக்கள் சந்திக்கும் இடங்களையும் முட்டு முனைகளையும் புள்ளிகளாக எண்ண வேண்டும். இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தெருத்துண்டு ஒரு கண்ணி. கண்ணிகளின் எண்ணிக்கையைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அந்த இடத்தின் இணைப்பு விகிதம். 1.4-க்கு மேல் இருந்தால் நடக்கத் தோதான இடம் என்று பொதுவாக ஒரு வரையறை. நம்முடைய இரட்டை மனைப்பிரிவில், பிரதான சாலையில் இரண்டு வாசல்களுக்கும் இடைப்பட்ட துண்டையும் சேர்த்தால், 19 கண்ணி, 20 புள்ளி. விகிதம் 0.95. இருபது புள்ளிகளில் 12 முட்டுச் சந்து.

இப்போது நடுச் சுவரை எடுத்துவிட்டு, இரு பக்கமும் வந்து நிற்கும் மூன்று தெருக்களையும் சேர்த்துவிடுவோம். முட்டுச் சந்துகள் 12-லிருந்து 6 ஆகின்றன. கண்ணி 16, புள்ளி 14, விகிதம் 1.14. அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருந்த 480 மீட்டர் சில அடிகளாகிவிட்டது. இதற்காக யாரும் ஒரு சதுர அடி மனையைக்கூட இழக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தெருக்களை வரையும்போது இரண்டு பேரும் ஒரே கோட்டில் வரைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது, நான்காவது மனைப்பிரிவும் இதே போலச் சேர்ந்தால், பின்பக்க நிலமும் சேர்ந்தால், விகிதம் தானாக ஏறிக்கொண்டே போகும்.

மெக்கில் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டபர் பாரிங்டன்-லீ, கலிபோர்னியாவின் ஆடம் மில்லர்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வேலையை உலக அளவில் செய்தார்கள். முதலில் 2015-இல் அமெரிக்காவின் நூறாண்டுத் தெரு வளர்ச்சியை அளந்தார்கள். அங்கே முட்டுச் சந்து மோகம் 1994 வாக்கில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கியிருந்தது. அடுத்து 2020-இல், எல்லோரும் சேர்ந்து வரையும் ஓபன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்து முழு உலகத்தையும் அளந்தார்கள். 1975 முதல் உலகின் பெரும்பகுதியில் புதிய தெருக்கள் முன்பைவிட அதிகமாகத் துண்டுபட்டு வருகின்றன என்பது அவர்கள் கண்டது. அர்ஜென்டினா, பொலிவியா, பெரு போன்ற நாடுகள் கட்டம் கட்டமான தெருக்களை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தென்கிழக்கு ஆசியாவில் காம்பவுண்டு சுவருக்குள் கேட் போட்ட குடியிருப்புகள் பெருகி, நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கிறது.

அவர்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வீடு இடியும், கடை மாறும், சாக்கடை மூடியைக்கூட மாற்றிவிடலாம். தெருவின் கோடு மட்டும் மாறாது. ஒரு முறை போட்ட தெரு பல தலைமுறைக்கு அப்படியேதான் கிடக்கும், ஏனென்றால் அதன் இரு பக்கமும் யாரோ ஒருவருடைய பட்டா இருக்கிறது. அதோடு, முதலில் போட்ட தெரு எப்படியோ அதை ஒட்டித்தான் அடுத்ததும் போடப்படுகிறது. சேர்ந்த தெரு சேர்ந்த தெருவை வளர்க்கிறது, முட்டுச் சந்து முட்டுச் சந்தை வளர்க்கிறது.

இதற்குச் சான்று தேடி அர்ஜென்டினாவுக்குப் போக வேண்டாம், வேலூருக்குப் போனால் போதும். காட்பாடி காந்தி நகருக்குள் நுழைந்தால் மெயின் ரோடுகள் ஒரு திசையில், குறுக்குத் தெருக்கள் அதற்குக் குறுக்காக எண் வரிசையாக ஓடும். முகவரியைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஒரு தெருவில் பந்தல் போட்டு அடைத்திருந்தால் அடுத்த தெருவில் திரும்பிக்கொள்ளலாம். சத்துவாச்சாரியில் வீட்டு வசதி வாரியம் போட்ட ஃபேஸ் 1, ஃபேஸ் 2 பகுதிகளும் ஏறக்குறைய இப்படியே. ஒரே நிறுவனம் பெரிய நிலத்தை மொத்தமாக எடுத்து வரைந்ததால் வந்த வசதி இது. வேலூர் 2008-இல் மாநகராட்சியானது, பிறகு சத்துவாச்சாரியும் காட்பாடியும் அதற்குள் வந்தன. 2011 கணக்கெடுப்பின்போது வேலூர் நகரமும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்து மக்கள் ஏறக்குறைய 4.8 லட்சம். அதற்குப் பிறகு சுற்றிலும் ஏக்கர் ஏக்கராக முளைத்த தனியார் மனைப்பிரிவுகளில் காந்தி நகரின் அந்த ஒழுங்கைத் தேடினால் கிடைப்பது அரிது.

இணைப்பு குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் வேலூரே காட்டிக்கொடுத்தது. 2022 ஜூனில் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். ஒரே ஒரு கண்ணி அறுந்தது. வண்டிகளைச் சுற்றுவழியில் திருப்பி விட்டார்கள், அந்த நாட்களில் நகரமே திணறியது. ஆம்பூரில் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் இணையாக ஓடி ஊரை நீளவாக்கில் வெட்டுகின்றன. ரெட்டித்தோப்புப் பக்கம் போக ரயில் பாதைக்கு அடியில் இருக்கும் வழியில் மழைக்குத் தண்ணீர் நின்றால் என்ன பாடு என்று ஆம்பூர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். பெரிய பாலத்துக்கும் சின்ன மனைப்பிரிவின் ஒற்றை வாசலுக்கும் கணக்கு ஒன்றுதான். இருப்பது ஒரே வழி என்றால், அது அடைபடும் நாளில் மாற்று கிடையாது.

ஒடுகத்தூர் போன்ற இடத்தில் அந்த நாள் பெரும்பாலும் மழை நாளாக இருக்கும். மலையடிவாரம் என்பதால் தண்ணீர் சரிவில் இறங்கி ஓடைகளாக உத்திர காவேரிக்கு வருகிறது. ஆறு அகரம்சேரிப் பக்கம் போய்ப் பாலாற்றில் சேர்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். வறண்ட மணலாகவே பார்த்துப் பழகிய ஆறு என்பதால், கரையோரத்து மனைகளை வாங்கியவர்கள் பலருக்கு அன்றுதான் அது ஆறு என்பது உறைத்தது. தெரு இணைப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மழைநீர் வடிகால் தெருவோடுதான் ஓடும். தெரு சுவரில் முடிந்தால் வடிகாலும் சுவரில் முடியும். சரிவில் வந்த தண்ணீர் கடைசி வீட்டு வாசலில் குளமாக நிற்கும், அல்லது சுவருக்கு அந்தப் பக்கத்து நிலத்தில் போய் விழும். பிறகு பஞ்சாயத்துதான். குடிநீர்க் குழாய்க்கும் இதே விதி. இரு பக்கமும் இணைந்த குழாயில் ஓர் இடத்தில் உடைப்பு என்றால் மறுபக்கத்திலிருந்து தண்ணீர் விடலாம். முட்டுச் சந்துக் குழாயில் கடைசி வீட்டுக்கு எப்போதும் மெலிந்த தாரைதான், அடியில் மண்டியும் தங்கும்.

நடப்பவர்களை எடுத்துக்கொள்வோம். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களில் பெரும்பகுதி பெண்கள், சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து போகிறவர்கள். கம்பெனி பஸ் விடிகாலையில் பிரதான சாலையில் நிற்கும், உள்ளே வராது. விளக்கில்லாத தெருவில் ஐந்து நிமிடம் நடப்பதும் பன்னிரண்டு நிமிடம் நடப்பதும் ஒன்றல்ல. மாலையில் திரும்பும்போதும் அப்படியே. இந்த ஏழு நிமிடம் எந்தத் திட்ட அறிக்கையிலும் வராது. ஒரு வீட்டில் இரண்டாவது டூவீலர் வாங்கப்படும்போதுதான் கணக்கில் வரும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் சேராமல் போகிறது? யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை என்பதே என் எண்ணம், ஒரு விதிவிலக்கு உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் காரணம் நிலத்தின் வடிவம். நம் வயல்கள் பாகப்பிரிவினையில் நீளவாக்கில் கீறப்பட்டவை. சர்வே எண், உட்பிரிவு, அதற்கும் உட்பிரிவு. மனை போடுகிறவருக்குக் கிடைப்பது சாலையில் குறுகிய முகமும் பின்னால் நீண்ட வாலுமாக இரண்டு மூன்று ஏக்கர். அதில் நடுவில் ஒரு தெரு, குறுக்கே சில தெரு என்பதைத் தவிர வேறு வழி தோன்றாது. பக்கத்து நிலம் இன்னும் விவசாயம், அதன் சொந்தக்காரர் விற்பாரா மாட்டாரா என்றே தெரியாது. தெருவை அவர் வரப்பு வரை நீட்டி வைத்தால் நாளைக்கு அவருக்குத்தானே லாபம் என்று மனை போடுகிறவர் நினைக்கிறார். அதனால் சில இடங்களில் தெருக்கோடியில் ஒரு அடி அகலத்துக்கு ஒரு துண்டைத் தன் பெயரிலேயே நிறுத்திக்கொள்வதும் உண்டு. பின்னால் பக்கத்து நிலத்துக்காரர் மனை போட்டு வழி கேட்டால், அந்த ஒரு அடிக்கு ஒரு விலை சொல்லலாம். கேட்டதைக் கொடுக்க அவர் மறுத்தால் சுவர்.

இரண்டாவது காரணம் நாம் அங்கீகாரத்தைப் பார்க்கும் விதம். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியத் தடை விதித்தது. ரியல் எஸ்டேட் தொழிலே ஸ்தம்பித்தது. 2017-இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகள் கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்றது. அது இல்லாவிட்டால் சேமிப்பைக் கொட்டி மனை வாங்கிய ஏராளமானவர்கள் நடுத்தெருவில் நின்றிருப்பார்கள். ஆனால் வரன்முறை என்பது காகிதத்தைச் சரிசெய்யும் காரியம். முட்டி நின்ற தெருவை அது திறந்துவிடாது. புதிதாக அங்கீகாரம் பெறும் மனைப்பிரிவிலும் டி.டி.சி.பி. என்று நாம் சொல்லும் நகர் ஊரமைப்பு இயக்ககம் தெரு அகலத்தைப் பார்க்கிறது, 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளி விட்டிருக்கிறார்களா என்று பார்க்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு மனைப்பிரிவும் சட்டப்படி சரி. எல்லாவற்றையும் சேர்த்து மேலே இருந்து பார்த்தால் ஊர் இல்லை, தீவுக் கூட்டம்.

மூன்றாவதாக, சொல்லச் சிரிப்பாக இருந்தாலும், தெருக்குத்து. தெரு நேராக வந்து முட்டும் வீடு ஆகாது என்று நம் ஆட்கள் பிள்ளையாரை வைத்துச் சமாளிப்பார்கள். அந்த மனை விலை குறைவாகத்தான் போகும். மனை போடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, தெரு முட்டும் இடத்தில் வீட்டு மனைக்குப் பதில் சுவர் வரும்படி வரைகிறார்கள். தெருக்குத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு நியாயமாக முட்டுச் சந்தே பிடிக்கக் கூடாது. தெரு முட்டாமல் நேராகப் போய்விட்டால் குத்தும் இல்லை, பிள்ளையாருக்கும் வேலை மிச்சம்.

இப்போது அந்த விதிவிலக்கு. சில சுவர்கள் தெரிந்தே கட்டப்படுகின்றன. ஊர், காலனி என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும் நம் கிராமங்களில் தெரு எதோடு சேர வேண்டும், எதோடு சேரக் கூடாது என்பதைச் சாதி பல காலமாகத் தீர்மானித்து வந்திருக்கிறது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம்தான் இடிக்கப்பட்டது. அது தெற்கே நடந்த கதை என்று தள்ளிவிட முடியாது. 2019 ஆகஸ்டில் இதே பாலாற்றங்கரையில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், தலித் ஒருவரின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வழி இல்லாமல் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். வழியில் இருந்த நிலத்தைக் கடக்க விடவில்லை என்பது அம்மக்கள் சொன்ன காரணம். வீடியோ பரவியது, உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. நகரமைப்பு மொழியில் சொன்னால் அங்கே இல்லாமல் போனதும் ஒரு கண்ணிதான். ஆனால் அது வரைபடக்காரரின் கவனக்குறைவால் விடுபட்ட கண்ணி அல்ல. புதிய மனைப்பிரிவு காலனிக்கு அடுத்து வரும்போது அந்தப் பக்கம் மட்டும் சுவர் உயரமாக எழுவதைப் பார்த்தால், அது பாதுகாப்புக்காக என்று சொல்லப்படும் விளக்கத்தை நான் அவ்வளவு சீக்கிரம் ஏற்க மாட்டேன்.

முட்டுச் சந்தே கூடாது என்று சொல்ல வரவில்லை. வேகமாக வண்டி வராத தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடலாம், வாசலில் வடகம் காய வைக்கலாம், கோலம் மதியம் வரை நிற்கும். முட்டுச் சந்தைத் திட்டமிட்டே புகழ்பெறச் செய்த ராட்பர்ன் என்ற ஊர் அமெரிக்காவின் நியூஜெர்சியில் 1929-இல் உருவானது. காருக்குத்தான் அங்கே முட்டுச் சந்து. நடப்பவருக்குப் பின்பக்கத்தில் பூங்கா வழியாக எல்லா இடத்துக்கும் பாதை உண்டு. பின்னால் வந்தவர்கள் முட்டுச் சந்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டார்கள். பிரிட்டனிலும் டென்மார்க்கிலும் காருக்கு வழி இல்லாத இடத்திலும் நடக்கவும் சைக்கிளுக்கும் ஒரு சந்து திறந்திருப்பது வழக்கம். ஆறடி அகலத்தில் சுவரில் ஒரு திறப்பு, நடுவில் ஒரு கல் தூண். நம் 480 மீட்டருக்கு அதுவே போதுமான மருந்து.

இந்த யோசனை நமக்குப் புதிதும் அல்ல. ஸ்காட்லாந்துக்காரரான நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடஸ் 1914-இல் சென்னைக்கு வந்தார். அவர் கப்பலில் அனுப்பிய நகரமைப்புக் கண்காட்சிப் பொருட்களை, சென்னை மீது குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. அசராமல் மறுபடி திரட்டிக் கண்காட்சி வைத்தார். பழைய நகரங்களின் நெரிசலுக்கு அன்றைய பொறியாளர்கள் சொன்ன மருந்து, வீடுகளை இடித்துக்கொண்டு நேராக ஒரு பெரிய சாலை போடுவது. கெடஸ் அதை எதிர்த்தார். எங்கே ஒரு பாழடைந்த வீட்டை எடுத்தால் இரண்டு சந்துகள் சேரும், எங்கே ஒரு மூலையை வெட்டினால் காற்று வரும் என்று தெருத் தெருவாக நடந்து பார்த்துச் சொன்னார். செலவும் குறைவு, வீடிழப்பவர்களும் குறைவு. 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டமே வந்தது. சட்டத்துக்குக் குறைவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்று நடப்பில் உள்ள 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் முழுமைத் திட்டம், விரிவு வளர்ச்சித் திட்டம் எல்லாம் உண்டு. 2018-இல் வந்த திருத்தம் நிலத் தொகுப்புக்கும் வழி செய்தது. நிலத் தொகுப்பு என்றால், பக்கத்துப் பக்கத்து உடைமையாளர்களின் நிலங்களை ஒன்றாகப் போட்டு, தெருவையும் பூங்காவையும் முதலில் வரைந்துவிட்டு, மிச்சத்தை அவரவர் பங்குக்கேற்பத் திருப்பிக் கொடுப்பது. நிலம் அளவில் குறையும், வடிவும் வழியும் சரியாவதால் விலை கூடும். அகமதாபாத் பெரும்பாலும் இப்படித்தான் வளர்ந்தது. அதன் 76 கிலோமீட்டர் சர்தார் படேல் வட்டச்சாலைக்கு நிலம் கிடைத்ததிலும் இந்த முறைக்குப் பெரும் பங்கு. ஒடுகத்தூரின் எல்லையில் இருக்கும் பத்துப் பதினைந்து நிலக்காரர்களை ஓர் அறையில் உட்கார வைத்து ஒப்புக்கொள்ள வைப்பது கடினம் என்பதை மறுக்கவில்லை. அண்ணன் தம்பியே வரப்புக்காகக் கோர்ட்டில் நிற்கும் ஊர் நம்முடையது.

அதைவிட எளிதான ஒரு பிடி உள்ளாட்சியின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வேண்டுமென்றால் தெருக்களையும் திறந்தவெளியையும் பேரூராட்சிக்கோ ஊராட்சிக்கோ தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 2009-இல் இதைப் போன்ற ஒரு பிடியைத்தான் பயன்படுத்தியது. பக்கத்துத் தெருக்களோடு சேராத குடியிருப்பின் சாலைகளை அரசு பராமரிப்புக்கு எடுத்துக்கொள்ளாது என்று விதி போட்டது. சாலையை எடுத்துக்கொள்ளும் நேரத்தில்தான் அரசுக்குப் பேரம் பேசும் பலம் உண்டு, எடுத்துக்கொண்ட பிறகு இல்லை. நம் பேரூராட்சியும் தெரு எல்லைக்கல் வரை வர வேண்டும், கோடியில் ஒரு அடித் துண்டு நிற்கக் கூடாது, பக்கத்து மனைப்பிரிவின் தெருவுக்கு நேராக வர வேண்டும் என்று அப்போதே கேட்கலாம். கேட்பதற்கு அந்த இடத்தில் ஒரு வரைபடம் வேண்டும். இது வரை அங்கீகாரம் பெற்ற எல்லா மனைப்பிரிவுகளையும் ஒரே தாளில் ஒட்டிப் பார்த்தாலே எங்கே சேர வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. புதிதாகத் தெரு கண்டுபிடிக்க வேண்டாத இடங்கள் பல. வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தில் பழைய வண்டிப் பாதைகள் புறம்போக்காகக் குறித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு காலத்தில் ஊரிலிருந்து ஏரிக்கும் களத்துக்கும் அடுத்த ஊருக்கும் மாட்டு வண்டி போன தடங்கள். வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் இவைதான் மனைப்பிரிவுகளைக் கடந்து ஊரைத் தைக்கக்கூடிய வழிகள். பல இடங்களில் ஆக்கிரமிப்பில் மறைந்துவிட்டன, சிலவற்றின் மேல் யாரோ ஒருவருடைய காம்பவுண்டு நிற்கிறது. இவற்றை அளந்து மீட்பது பேரூராட்சிக்குப் புதிய சாலைக்கு நிலம் எடுப்பதைவிட மிக மலிவு. ஓடைப் புறம்போக்கை மட்டும் இதில் சேர்க்கக் கூடாது. அதைத் தெருவாக்கினால் மழை திரும்பி வந்து தன் வழியைக் கேட்கும்.

மனை வாங்கப் போகிறவர் செய்யக்கூடியது என்ன? முகப்பு வளைவைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் ஒவ்வொரு தெருவின் கடைசி வரைக்கும் நடந்து போங்கள். கோடியில் சுவர் இருக்கிறதா, வேலியா, திறந்த வயலா என்று பாருங்கள். உங்கள் மனையைவிடப் பக்கத்து சர்வே எண்ணின் புலப்படம் உங்களுக்கு அதிகம் சொல்லும், இணையத்திலேயே எடுக்கலாம். அதில் வண்டிப் பாதை ஏதாவது வந்து தொடுகிறதா, ஓடை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தேடுங்கள். மழைக்கு மறுநாள் ஒரு முறை போய்ப் பார்த்தால், எந்த அதிகாரியும் சொல்லாததைத் தேங்கிய தண்ணீர் சொல்லிவிடும். பிறகு தானப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். அங்கீகார எண்ணைப் பெரிய எழுத்தில் பலகையில் போட்டிருப்பவர் இந்த நகலைக் கொடுக்கத் தயங்கினால் காரணம் கேட்கலாம். நகலில் ஒவ்வொரு தெருவுக்கும் நீளம் போட்டிருக்கும். டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் உங்கள் தெருவை எல்லைக்கல் வரை அளந்து, பத்திரத்தில் உள்ள நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு அடி குறைந்தால், அந்த ஒரு அடி யார் பெயரில் இருக்கிறது என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.